கம்ப்யூட்டருக்குக் கூடுதல் வாரண்டி வாங்கலாமா?

(உத்திரமேரூரில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்குவதென்று தீர்மானம் போட்டாச்சு. கடையிலிருந்து விலைப்பட்டியலும் வந்துடுச்சு. அதில் கடைசி வரியாக ‘கூடுதல் வாரண்டி, 2 வருடம்’ என்று ஒரு தொகை இருக்கிறது. “அதைக் கட்டிட்டா மூணு வருஷம் நிம்மதி” என்கிறார்கள் சிலர். “கடைக்காரர் லாபத்துக்குச் சொல்றார்” என்கிறார்கள் சிலர். ரெண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கு. அதனால கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. வாரண்டி என்றாலே கெட்டுப்போனா புதுசு கொடுப்பாங்கன்னு நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. தயாரிப்பில் இருந்த குறையால் பழுதானால் காசு வாங்காமல் சரிசெய்து தருவார்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்கு இது விலையிலேயே அடக்கம். அதற்குப் பிறகு வரும் வருடங்களுக்குத் தனியாகப் பணம் கட்டுவதுதான் கூடுதல் வாரண்டி.

கணக்குக்குச் சுலபமாக கம்ப்யூட்டர் 40,000 ரூபாய், கூடுதல் வாரண்டி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் உள்ள குழு மாதம் ஆளுக்கு 100 ரூபாய் சேமித்தால் 1,200. ஆக 6,000 ரூபாய் என்பது ஒரு குழுவின் ஐந்து மாதச் சேமிப்பு. சின்னத் தொகை இல்லீங்க.

இவ்வளவு கொடுத்து நாம் எதற்குக் காப்பு வாங்குகிறோம்? தயாரிப்புக் குறை இருந்தால் அது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். அதற்கு முதல் வருட வாரண்டியே போதும். அப்புறம் மேசைக் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை, ராம், ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மவுஸ் என்று எது போனாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ மெக்கானிக் இருக்கிறார். மதர்போர்டு போனால்தான் பெரிய செலவு.

நம்ம ஊரில் கம்ப்யூட்டருக்கு உண்மையான எதிரி யாருன்னா, ஏறி இறங்கும் கரண்ட்டு. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல். ஒயரைக் கடிக்கும் எலி. மேலே கொட்டிய டீ. வாரண்டி தாளைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இவை எல்லாம் ‘பொருந்தாது’ பட்டியலில்தான் இருக்கும். எது வந்து கெடுக்குமோ அதற்குக் காப்பு இல்லை. ஆகவே நல்ல யு.பி.எஸ்., சரியான எர்த்திங், இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் பழக்கம், இதற்குத்தான் முதல் பணம்.

இன்னொன்றையும் யோசிக்கணும். ஹார்ட் டிஸ்க் போனால் வாரண்டியில் புது டிஸ்க் வரும். அதில் இருந்த நம் கடன் கணக்கும் வரவு செலவும் வராது. வாரா வாரம் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைப்பது கணக்காளர் வேலை. கைப் பேரேட்டையும் நிறுத்த வேண்டாம்.

கணக்கு என்றதும் நம்ம ஊர்ப் பெருமை ஒன்று ஞாபகம் வருது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கே, 919, 921-ஆம் வருடத்தவை, குடவோலைத் தேர்தலுக்கான விதிகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவர் உறவினரும் வர முடியாது என்று அதில் இருக்கிறது. நிபந்தனையை ஊர் பார்க்கக் கல்லில் வெட்டினார்கள். வாரண்டி நிபந்தனையோ எறும்பு எழுத்தில் இருக்கு. கடையிலேயே உட்கார்ந்து படிங்க. படிக்க முடியலைன்னா படித்த பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க.

பொறுப்பு தயாரித்த கம்பெனியோடதா, கடையோடதா, இல்ல மூன்றாவதா ஒரு நிறுவனமா என்று கேளுங்கள். கடை மூடிவிட்டால் யார் பதில் சொல்வது? ஆள் இங்கே வந்து பார்ப்பாரா, நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறணுமா? இரண்டு வருடம் எந்தத் தேதியிலிருந்து ஆரம்பம்?

லேப்டாப் கதை வேறு. கல்லூரி போகும் மகளுக்குக் கடன் வாங்கி லேப்டாப் எடுக்கும் அக்காமார் இங்கே இருக்கீங்க. அது பஸ்ஸில் போகும், கீழே விழும். போர்டோ ஸ்கிரீனோ போனால் செலவு அதிகம். அந்த வீட்டில் திடீரென்று 10,000 ரூபாய் புரட்ட முடியாது என்றால், கம்பெனியே தரும் கூடுதல் வாரண்டி வாங்குவது தப்பில்லை. விழுந்து உடைந்தால் சேருமா என்று மட்டும் தனியாகக் கேளுங்கள்; அது பெரும்பாலும் வேறு திட்டம். வாரண்டியை நீட்டினாலும் பேட்டரிக்குப் பல கம்பெனிகளில் ஒரு வருடம்தான்.

ஆன்லைனில் வாங்கினால், நீங்கள் கேட்காமலே கூடையில் வாரண்டித் தொகை சேர்ந்திருக்கிறதா பாருங்கள். சம்மதம் இல்லாமல் இப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கிறது. பிரிட்டனில் 2005-லேயே, வீட்டு மின்சாதனங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேற்பட்ட கூடுதல் வாரண்டி வாங்கினவர் 45 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஆணை வந்தது. கவுண்ட்டரில் அவசரப்படுத்தி விற்பது எல்லா ஊரிலும் உண்டு போல.

பில் கட்டாயம் வாங்கணும். பில் தராமல் இருப்பதே 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வாரண்டி இருந்தும் சரிசெய்து தராவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகணும். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

இப்போ நம் தீர்மானத்துக்கு வருவோம். தனியாக ஒரு வீடு தாங்க முடியாத செலவை இத்தனை குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பு தாங்கும். ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் குழுவில் அவசரக் கடன் கொடுக்கிறோமே, அது மாதிரிதான். ஆகவே மேசைக் கம்ப்யூட்டருக்குக் கூடுதல் வாரண்டி வேண்டாம் என்பது எங்கள் யோசனை. அந்தப் பணத்தில் யு.பி.எஸ்.ஸும் பென்டிரைவும் வாங்கி, மீதியைப் ‘பழுது நிதி’ என்று பேரேட்டில் தனித் தலைப்பில் வரவு வைக்கலாம். மூன்று வருடம் செலவே வராவிட்டால் அந்தப் பணம் நம்மிடமே இருக்கும்.

மாற்றுக் கருத்து உள்ள ஊக்குநர்கள் இப்பவே சொல்லுங்க. சொன்னதையும் தீர்மான நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுவோம். பில் கூட்டமைப்பு பெயரில்தான் இருக்கணும், தலைவி பெயரில் வேண்டாம்.