நோவின் சொற்கள்: இயன்முறை மருத்துவத்திற்கு ஒரு கூட்டுக் களஞ்சியம்



மொழியியல் படித்தவனுக்கு இயன்முறை மருத்துவத்தில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். என் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றையே விடையாகக் கூறுகிறேன்.

என் பெரியம்மா சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின், ஈப்போ புந்தோங்கில் மகன் வீட்டில் குடியேறினார். எழுபது வயதைக் கடந்த நிலையில் வலக்கையில் நோவு கண்டது. ஒரு சிகிச்சை நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். “கை குடையுது பாப்பா. ராத்திரியானா விரலெல்லாம் எறும்பு ஊருற மாதிரி இருக்கு” என்றார். எதிரே இருந்த சிகிச்சையாளர் தமிழ்ப் பெண்; பரிவு மிக்கவர். ஆயினும் அவர் தம் தொழிலைக் கற்றது மலாயிலும் ஆங்கிலத்திலும். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார். குறிப்பேட்டில் ‘தோள் வலி, 7’ என்று பதிந்தது. ஆறு வாரம் தோளுக்கே பயிற்சி நடந்தது; நோவு தணியவில்லை. பின்னர் வேறோர் இடத்தில், மூத்த சிகிச்சையாளர் ஒருவர் ‘எறும்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் கழுத்தை ஆராய்ந்தார். கழுத்து முள்ளெலும்புகளின் இடையே நரம்பு வேர் ஒன்று நெருக்குண்டிருந்தது.

ஊர்தல், எரிதல், மின்சாரம் பாய்வதுபோல் வெட்டுதல் ஆகியவை நரம்பு சார்ந்த நோவைச் சுட்டக்கூடிய அடையாளங்கள் என்பதை அந்த இளம் சிகிச்சையாளரும் கற்றிருந்தார். கற்ற அறிவு வேறு மொழியில் இருந்தது. கேட்ட சொல் வேறு மொழியில் இருந்தது. இரண்டிற்கும் இடையே பாலம் இல்லை. பின்னொரு நாள் நடந்ததை அவரிடம் கூறியபோது வருந்தினார். “சார், இந்தச் சொல்லெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு?” என்று கேட்டார். சொற்களே தொழிலாக வாழ்ந்த என்னிடம் அதற்கு விடை இல்லை. அந்த வினாவே இவ்வுரைக்குக் காரணம்.

நோவுக்குச் சொல் தேடுவது மருத்துவ உலகிற்குப் புதிதன்று. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக் 1975இல் ஒரு வலி வினாநிரலை வெளியிட்டார். நோயாளிகள் வலியை வருணிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்திருந்தார். வலி எவ்வளவு என்பதோடு, எத்தகையது என்பதையும் சொல்லால் அறியலாம் என்பது அதன் அடிப்படை. பின்னர் அது பல மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டது.

ஆனால் அந்தப் பட்டியலைத் தமிழில் பெயர்த்துவிட்டால் போதாது. அதிலுள்ளவை பெரும்பாலும் பெயருக்கு அடையாக வரும் சொற்கள். நம் மக்களோ நோவை வினையாகக் கூறுகின்றனர். குத்துகிறது, குடைகிறது, இழுக்கிறது, கடுக்கிறது, உளைகிறது, எரிகிறது, தெறிக்கிறது என்கின்றனர். குடைவது எது என்று எவரும் கூறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடலுக்குள் வேலை செய்கிறது. இவற்றோடு விண்விண், சுருக்சுருக், சுள்சுள் எனத் தொல்காப்பியர் இரட்டைக்கிளவி என வகைப்படுத்திய சொற்களும் சேர்கின்றன. விண்விண் என்பது துடிப்போடு வரும் நோவு. சுருக் என்பது ஊசிபோல் வந்து மறைவது. நோவு வந்து போகும் காலமுறையே அச்சொற்களின் ஓசையில் உள்ளது.

எனவே நமக்கு வேண்டியது கலைச்சொல் பட்டியலைவிடப் பெரியது. ஒருவர் தனியே எழுதி முடிக்க இயலாதது. இத்தகைய கூட்டுப் பணிக்குத் தமிழில் முன்மாதிரி உண்டு. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1860களில் தமிழையே பயிற்று மொழியாக்கினார். மாணவர்கள் மொழிபெயர்த்தனர், அவர் பார்த்துத் திருத்தினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் அவ்வாறு பிறந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னும், 1884இல் மறையும்வரை, தமிழ் மருத்துவ நூற்பணியை அவர் கைவிடவில்லை. கடல்கடந்து கைப்படிகள் சென்று வந்த காலத்திலேயே அது இயன்றது.

இன்று அந்தப் பணிக்கு விக்கி என்னும் முறை இருக்கிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அழியாமல் நிற்கும். கருத்து வேறுபாட்டை உரையாடல் பக்கத்தில் தீர்க்கலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இம்முறையில் 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. தமிழ்நாட்டு வழக்கும் ஈழத்து வழக்கும் வேறுபடும் இடங்களில், ஒன்றைத் தலைப்பாக்கி மற்றதிலிருந்து அதற்கு வழி காட்டுவது அங்குள்ள நடைமுறை. இயன்முறை மருத்துவத்திற்கென்றே ஆங்கிலத்தில் பிசியோபீடியா என்னும் களஞ்சியம் உள்ளது. ரேச்சல் லோ என்னும் பிரிட்டானிய இயன்முறைச் சிகிச்சையாளர் அதனைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்கள் பாடப்பணியாகவே அதில் பக்கங்கள் எழுதுகின்றனர்.

நமது களஞ்சியத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்று அடுக்காக அமைய வேண்டும் என்பது என் முன்மொழிவு. முதல் அடுக்கு நோயாளியின் சொல்: அது எந்த வட்டாரத்தில், எந்த உறுப்பைக் குறித்து, எவ்வகை நோவுக்கு வழங்குகிறது என்பது. இரண்டாம் அடுக்கு துறைச்சொல். அதனோடு நம் மாணவர்கள் கற்கும் மலாய்ச் சொல். மூன்றாம் அடுக்கு நோயாளிக்குக் கூற வேண்டிய பயிற்சி, அவருக்குப் புரியும் தமிழில்.

மூன்றாவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பக்கவாதத்திற்குப் பின் நடை பழகுபவர் திரும்பும்போது, ஊன்றிய காலைத் திருகாமல் சிற்றடிகளாக வைத்துத் திரும்ப வேண்டும். இதனை எத்தனை முறை விளக்கினாலும் சிலருக்குப் பிடிபடுவதில்லை. பால்மரம் வெட்டியவரிடம், “வெட்டுக்கோட்டோடு மரத்தைச் சுற்றி அடிவைப்பீர்களே, அதுபோல” என்று கூறிப் பாருங்கள். உடலே நினைவுகூரும்.

இரண்டு எச்சரிக்கைகளும் கூற வேண்டும். ஒருவருடைய கடுப்பு இன்னொருவருக்கு உளைச்சலாக இருக்கலாம். ஆகவே சொல்லைக் கொண்டே நோயை முடிவு செய்துவிடக் கூடாது. சொல் அடுத்த கேள்விக்கு வழிகாட்டும், அவ்வளவே. இரண்டாவது, சொல்லைச் சேர்க்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. பயிற்சியை எழுதும் உரிமை எல்லார்க்கும் இல்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் 774 நம் நாட்டில் இத்தொழிலைப் பதிவுக்கு உட்படுத்தியுள்ளது. பதிவுபெற்ற சிகிச்சையாளர் இருவர் பார்த்து ஒப்பாத எந்தப் பயிற்சிப் பக்கமும் வெளியாகக் கூடாது. நோயாளியின் பெயரும் அடையாளமும் எங்கும் இடம்பெறக் கூடாது.

காலம் நமக்குச் சாதகமாக இல்லை. காண்டாக் கம்பில் பால்வாளி சுமந்தவர்களும், பிரட்டுக்கு விடியுமுன் எழுந்தவர்களும் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். சிகிச்சை மிகுதியாகத் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். இச்சொற்களை முழுமையாக அறிந்திருப்பதும் அவர்கள்தான். பிள்ளைகளிடம் அவர்களே இப்போது ‘பெய்ன்’ என்கின்றனர், புரிய வேண்டுமே என்று.

மாணவர்களே, இந்த வாரம் உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டாம். எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள். அவர் கூறும் சொல்லைத் திருத்தாமல், கூறியபடியே எழுதிக் கொண்டு வாருங்கள். களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் எழுத என்னிடம் ஒரு சொல் இருக்கிறது. அது என் பெரியம்மாவின் எறும்பு. இரண்டாம் பக்கத்தை உங்களில் ஒருவர் எழுத வேண்டும்.