போட்டிப் படிப்பும் மன நிறைவும்

(பொன்விழாக் கூட்டத்தில் மாணவர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)





மைக்கின் முன்னால் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரையை எழுதியவர்கள் ஐவர். ஷா ஆலமில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நமது சங்கத்தின் மாடியறையில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து எஸ்டிபிஎம்முக்குப் படித்த ஐவர். கீழே பெரியவர்களின் கூட்டம் முடிந்து, மீந்த தே தாரிக்கும் காரிப்பாப்பும் மேலே வந்து சேரும்போது மணி பத்தாகிவிடும்.

ஐவரும் முதல் தெரிவாகக் குறித்தது கணக்கியல் பட்டப்படிப்பு. வணிகத் துறையில் அதற்குத்தான் நெரிசல் அதிகம். மூன்று பருவத் தேர்வுகளில் முழுப் புள்ளியான 4.00 எடுத்தவர்கள்கூட இடம் கிடைக்குமா என்று கவலைப்படும் துறை அது. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு யுபியு வழி விண்ணப்பிக்கும்போது கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று மதிப்பெண் கூட்டுவார்கள். அதனால் நாங்கள் சீருடை இயக்கச் சான்றிதழையும் விளையாட்டுச் சான்றிதழையும்கூடக் கணக்குப் பார்த்தே சேர்த்தோம்.

நால்வருக்கு இடம் கிடைத்தது. ஒருவருக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குத் தேய்மானக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவருக்குக் கெடா மாநிலம் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் வேறொரு நிர்வாகப் படிப்பு கிடைத்தது. 1984இல் நிர்வாகக் கல்விக்கென்றே தொடங்கப்பட்ட நல்ல பல்கலைக்கழகம் அது. ஆனால் அன்றைக்கு அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அவ்வாண்டுப் பாராட்டு விழாவில் எங்கள் நால்வரின் பெயரையும் இதே மேடையில் வாசித்தார்கள். அவர் தம் அம்மாவோடு பின் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு நாங்கள் மகிழ்ச்சியாக இருந்தோமா? உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இல்லை.

எஸ்டிபிஎம்மில் பழகிய ஓட்டத்தை எங்களால் நிறுத்த முடியவில்லை. அடுத்தவர் தேர்வுத்தாளை எட்டிப் பார்த்தோம். எந்த நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்தோம் என்பதை எங்களுக்குள்ளேயே மறைத்தோம். ஒருநாள் கிளந்தானிலிருந்து வந்த வகுப்புத் தோழி ஒருவர், காய்ச்சலால் இரண்டு வகுப்புகளைத் தவறவிட்டதாகச் சொல்லிக் குறிப்பு கேட்டார். இல்லை என்று சொன்னோம். அது எங்கள் பையிலேயே இருந்தது. அந்தப் பாடத்தில் எங்களுக்கு ‘ஏ’ வந்தது. அந்த ‘ஏ’யை வீட்டில் சொல்லும்போது வாய் வரவில்லை.

சிந்தோக்குக்குப் போனவரிடம் நான்கு மாதமாக நாங்கள் பேசவேயில்லை. என்ன பேசுவது என்று தெரியாத கூச்சம். கடைசியில் அவரே கூப்பிட்டார். “நீங்க யாரும் என் இடத்தைப் பறிக்கலை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆனா நாலு மாசமா ஒரு போன்கூட இல்லையே, அதுதான் வலிக்குது” என்றார்.

அந்த விடுமுறையில் எங்களில் ஒருவரின் நன்னாவிடம் இதைச் சொன்னோம். மஸ்ஜித் இந்தியா சாலையில் பல ஆண்டுகள் துணிக்கடை வைத்திருந்தவர். அவர் சொன்னார்: “பக்கத்துக் கடைக்காரனும் நானும் ஒரே துணியைத்தான் விற்றோம். வாடிக்கையாளர் வந்தால் போட்டிதான். ஆனால் சில்லறை இல்லாவிட்டால் அவனிடம்தான் வாங்குவேன். நான் தொழப் போனால் என் கடையையும் அவன்தான் பார்த்துக்கொள்வான். போட்டி வியாபாரத்தோடு முடிந்துவிடும்.”

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. போட்டியில் இரண்டு வகை உண்டு. இடம் குறைவாக இருக்கும் போட்டி ஒன்று. அங்கே ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நிற்கத்தான் வேண்டும். பல்கலைக்கழக நுழைவு அப்படிப்பட்டது. மற்றொன்று அளவுகோலை எட்டும் போட்டி. பிடிபிடிஎன் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பில் தேறி மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. வகுப்பில் ஒருவர் முதல் வகுப்பு எடுத்தால் அடுத்தவருக்கு அது குறைந்துவிடாது. ஏசிசிஏ தேர்வும் அப்படியே. 13 தாள்கள், முன்படிப்புக்கு ஏற்பச் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஒவ்வொரு தாளிலும் 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. எத்தனை பேர் எடுத்தாலும் தேர்ச்சிதான். முதல் வகைப் போட்டி நுழைவோடு முடிந்துவிட்டது. அந்தப் பழக்கத்தை இரண்டாம் வகைக்குள்ளும் சுமந்துகொண்டு போனதுதான் நாங்கள் செய்த தவறு.

அடுத்த பருவத்தில் அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். குறிப்புகளை எல்லாரும் பார்க்கும்படி பொதுவில் வைத்தோம். வெள்ளிக்கிழமை இரவு வகுப்பை இணையம் வழி மீண்டும் தொடங்கினோம், ஐவராக. சிந்தோக்கிலிருந்து இணைபவர்தான் இன்றும் எங்களுக்கு ஆசிரியர். பட்டப்படிப்பு முடிந்ததும் ஏசிசிஏ எழுதப் போகிறார். எங்கள் மதிப்பெண் பெரிதாக ஏறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஒருவருக்கு ஒரு பாடத்தில் ‘சி’ வந்தது. அதை அன்றிரவே எங்களிடம் சொல்ல அவரால் முடிந்தது. முன்பு என்றால் மறைத்திருப்பார்.

அத்தாமார்களே, அம்மாமார்களே! தேர்வு முடிவு வந்த நாளில் “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை?” என்ற கேள்வியை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முதலில் “சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பாராட்டு விழாவில், இடம் கிடைத்தவர்களோடு, கேட்டது கிடைக்காமல் வேறு வழியில் படிப்பைத் தொடரும் பிள்ளைகளையும் மேடைக்கு அழையுங்கள். அதற்கான பெயர்ப் பட்டியலை நாங்கள் தயாரித்துத் தருகிறோம். எங்கள் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். இன்றும் அவர் பின் வரிசையில்தான் இருக்கிறார். இந்த உரையின் கணக்குப் பகுதியைச் சரிபார்த்துக் கொடுத்தவரும் அவரே.