தொலைபேசிச் சந்தாதாரரின் பற்றும் விலகலும்



ஊரில் ஒரே கடை இருக்கும்போது நாள்தோறும் அங்கு வருபவரை, அக்கடையின்பால் பற்றுடையவர் என்று கொள்வது பொருந்தாது. இரண்டாவது கடை திறந்தபின்னரும் அவர் வருகிறாரா என்பதே பற்றுக்கு உரைகல். மும்பை மாநகரின் வீட்டுத் தொலைபேசி வரலாறு இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

பம்பாயில் 1882 சனவரியில் தொலைபேசி நிலையம் தொடங்கப்பட்டது. 1986 ஏப்ரல் முதல் நாளன்று பம்பாய், தில்லி ஆகிய இரு நகரங்களின் தொலைபேசிப் பணி, மகாநகர் டெலிபோன் நிகாம் என்னும் பொதுத்துறை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நாளில் சந்தாதாரர் விலகுவது சிக்கலாக இருக்கவில்லை; சேர இயலாமையே சிக்கல். 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வெளியான காலத்தில், நாடு முழுவதிலும் ஏறத்தாழ 80 லட்சம் இணைப்புகளே இருந்தன. 25 லட்சம் பேர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர்.

மூன்று பகுதிகள்

மாட்டுங்காவின் தமிழ்க் குடும்பங்களுக்குத் தொலைபேசி எண் ஒரு குடும்பச் சொத்துப் போன்றது. திருமண அழைப்பிதழிலும், ஊரிலுள்ள உறவினரின் நாட்குறிப்பிலும் அவ்வெண்ணே இடம்பெற்றது. குடும்பம் செம்பூருக்குக் குடிபெயர்ந்தால் தொலைபேசி நிலையம் மாறும், எண்ணும் மாறும். எண்ணை இழக்க நேரும் என்னும் அச்சமே பலரை நிறுவனத்துடன் பிணைத்திருந்தது. தாராவியிலோ சொந்த இணைப்பு உடையோர் மிகச் சிலர். திருநெல்வேலிக்குப் பேச விரும்பிய தொழிலாளி, இரவுக் கட்டணக் குறைப்பை எதிர்நோக்கி எஸ்.டி.டி. பூத் வாயிலில் காத்திருந்தார். அவருக்குப் பற்றுக்கொள்வதற்கே ஓர் இணைப்பு இருந்ததில்லை.

கதவு திறந்தபோது

1995இல் கைப்பேசிச் சேவை தொடங்கியது. 2003 மே மாதத்தில் கைப்பேசிக்கு வரும் அழைப்புகள் கட்டணமற்றவை ஆயின. அதன்பின் தாராவியின் தையற்காரரும் தோல் தொழிலாளியும் வீட்டுத் தொலைபேசி என்னும் படியை மிதியாமலே கைப்பேசிக்குச் சென்றனர். 2011 சனவரி 20 முதல், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடு முழுவதிலும் கைப்பேசிச் சந்தாதாரருக்குக் கிட்டியது. பழைய பிணைப்பு அத்துடன் அறுந்தது. இவ்வுரிமை கம்பித் தொலைபேசிக்கு அன்று வழங்கப்படவில்லை. ஆயினும் அச்சந்தாதாரர்கள் கம்பியையே துறந்தனர். 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் 4 கோடிக்கு மேலிருந்த நாட்டின் கம்பி இணைப்புகள், 2020 வாக்கில் ஏறத்தாழ 2 கோடியாகக் குறைந்தன.

விலகலின் கணக்கு எளிதன்று. 100 பேரில் மாதந்தோறும் 2 விழுக்காட்டினர் விலகுவது சிறிதாகத் தோன்றும். ஓராண்டில் ஏறத்தாழ 22 பேர் சென்றிருப்பர். ஆனால் மண்ணில் புதைந்த செப்புக் கம்பியின் செலவும், நிலையத்தின் செலவும், ஊழியர் ஊதியமும் விலகுவதில்லை. எஞ்சிய இணைப்பு ஒவ்வொன்றின் மீதும் சுமை ஏறுகிறது, பழுதுபார்ப்பு தாமதமாகிறது, அதனால் மேலும் சிலர் விலகுகின்றனர். 2010இல் அலைக்கற்றைக்காக மகாநகர் நிறுவனம் செலுத்திய ரூ.11,000 கோடிக்கு மேற்பட்ட தொகை, அதன் ஆண்டு வருவாயைப் போல் இருமடங்குக்கும் அதிகம். அக்கடன் இச்சுழலை விரைவுபடுத்தியது. 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2020 சனவரி இறுதியில் 14,000க்கு மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வு பெற்றனர்.

குரலும் விலகலும்

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், குறையுள்ள நிறுவனத்தின்முன் நுகர்வோருக்கு இரு வழிகள் உண்டு என்றார்: குரல் எழுப்புதல், அல்லது விலகுதல். நைஜீரிய இரயில்வேயை அவர் சான்றாகக் காட்டினார். சரக்குந்துகள் வந்ததும், தரத்தை வற்புறுத்தக்கூடிய வாடிக்கையாளரே முதலில் விலகினர். குறையைச் சுட்டுவோர் இன்றி இரயில்வே மேலும் நலிந்தது. மும்பையிலும் விரைந்து விலகியோர் வசதியும் விவரமும் உடையோர். எஞ்சியோருள் முதியோர் பலர். மருத்துவரையும் அயல்நாட்டிலுள்ள மக்களையும் அழைக்க அவர்கள் நம்பியிருந்தது அந்த ஒரு கம்பியையே. அவர்கள் தங்கியதைப் பற்று எனப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது தவறான கணக்கு.

விலகியோர் தொலைபேசியையே வெறுத்தவர் அல்லர். கண்ணாடி இழை வழியே அகன்ற அலைவரிசை வீடுகளை எட்டியதும், நாட்டின் கம்பி இணைப்புகள் மீண்டும் பெருகி 2024இல் 3 கோடிக்கு மேல் இருந்தன. அதே ஆண்டு சூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, பல லட்சம் பேர் பாரத் சஞ்சார் நிகாமை நாடினர். சில மாதங்களில் அவ்வரவு ஓய்ந்தது. விலை ஒருவரை வாயில்வரை அழைத்துவரும். உள்ளே நிறுத்துவது சேவையே.

ஆகவே, பொதுத்துறை நிறுவனம் எதுவாயினும், விலகியோர் எண்ணிக்கையுடன் விலகிய காரணத்தையும் மாதந்தோறும் பதிவு செய்தல் வேண்டும். பழுது பற்றிய முறையீட்டுக்குக் குறித்த நாளில் தீர்வு கிட்ட வேண்டும். முறையிடுகின்ற சந்தாதாரர் இன்னும் நம்பிக்கை இழக்காதவர். அவர் மௌனமான பின்னர், அவருடைய அடுத்த மடல் இணைப்பைத் துண்டிக்கக் கோரும் விண்ணப்பமாகவே இருக்கும்.