கிழிந்த வலையும் புதிய கைப்பேசியும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



தீபாவளி நெருங்கிவிட்டது. அதைத் தாண்டினால் திருவருகைக் காலம், பிறகு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. செய்தித்தாளைத் திறந்தால் செய்திக்கு முன்னால் கைப்பேசி விளம்பரம்தான் நிற்கிறது. இந்த நாள்களில் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: "இந்தப் போனை மாற்றிவிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?" இதற்கெல்லாமா ஒரு மறையுரை என்று நீங்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நம் பங்கில் நடந்த இரண்டு நிகழ்வுகள் அந்த நினைப்பை மாற்றின.

முதல் நிகழ்வு. ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் புதிய கைப்பேசியைப் பெட்டியோடு கொண்டுவந்தார். "சாமி, மந்திரிச்சுத் தாங்க" என்றார். நம் கடற்கரை ஊர்களில் இது வழக்கம். படகோ, வலையோ, மோட்டார் சைக்கிளோ, எது வாங்கினாலும் முதலில் கோவிலுக்கு வரும். நல்ல வழக்கம்தான். செபித்து, பெட்டியின்மேல் மட்டும் கவனமாகத் தீர்த்தம் தெளித்துக் கொடுத்தோம். தம்பி மகிழ்ச்சியோடு போனார். அவருடைய அம்மா மட்டும் நின்றார்கள். எப்போதும் கழுத்தில் கிடக்கும் சங்கிலி அன்று இல்லை. நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களே சொன்னார்கள்: "பழசு நல்லாத்தான் இருக்குது சாமி. காலேஜ்ல எல்லாப் பிள்ளைங்க கையிலயும் புதுசு இருக்காம். இவன் போனை வெளியே எடுக்கவே கூச்சப்படுறான். அதான் அடகு வச்சேன்."

அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தத் தம்பியையும் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவரை உறுத்தியது கூச்சம். அதை அவருக்குக் கொடுத்தது யார்? திருமண வீட்டிலும் கோவில் முற்றத்திலும் ஒருவர் கையில் இருக்கும் கருவியைப் பார்த்து அவரை எடைபோடுகிறோமே, அந்த நம் கண்கள்தான். அடகுக் கடையில் இருக்கும் அந்தச் சங்கிலிக்கு நாம் எல்லாருமே கொஞ்சம் பொறுப்பு.

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஓர் உவமை சொல்கிறார். கோபுரம் கட்ட விரும்பும் ஒருவர், வேலையை முடிக்கத் தம்மிடம் பணம் இருக்கிறதா என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பாராம். 'உட்கார்ந்து' என்பதைக் கவனியுங்கள். கடை வாசலில் நின்றபடி பார்க்கும் கணக்கு இல்லை இது. 'சலுகை இன்னும் இரண்டு மணி நேரமே' என்று திரை மின்னும்போது அவசரமாகப் பார்க்கும் கணக்கும் இல்லை. வீட்டில், குடும்பமாக, விளக்கடியில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு.

நாமும் உட்கார்ந்து பார்ப்போமே. ஒரு கைப்பேசி 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 தவணை என்றால் மாதம் 2,000 ரூபாய். வட்டியே இல்லை என்பார்கள். கட்டணம் என்று ஏதாவது சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நம் கடலில் ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. விசைப்படகுகள் கரையில் நிற்கும், தவணை நிற்காது. கையில் இருக்கும் கைப்பேசி இன்னும் இரண்டு ஆண்டு உழைத்தால் அந்த 24,000 ரூபாய் வீட்டில் வேறு எதற்கெல்லாம் உதவும்? இதுவும் கோபுரக் கணக்குதான்.

விலைச்சீட்டில் அச்சிடாத கணக்கு ஒன்றும் இருக்கிறது. கைப்பேசி பேட்டரிகளில் கோபால்ட் என்ற உலோகம் சேர்கிறது. உலகச் சுரங்கங்களில் கிடைக்கும் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் சிறுவர்களும் வேலை செய்வதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நாட்டுக்குச் சென்று, ஆப்பிரிக்க மண்ணைச் சுரண்டுவதை நிறுத்துங்கள் என்று உலகை நோக்கி வேண்டினார். தூக்கி எறியப்படும் கருவிகளுக்கும் கணக்கு உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. நாம் மாற்றும் ஒவ்வொரு கைப்பேசியும் முகம் தெரியாத ஒரு சிறுவனின் கையிலிருந்து புறப்பட்டு, முகம் தெரியாத இன்னொருவரின் குப்பைமேட்டில் போய் முடியக்கூடும். பிறரன்பு என்று நாம் சொல்வதில் அவர்களும் அடங்குவார்கள்.

இணைச்சட்ட நூல் 29ஆம் அதிகாரத்தில் மோசே இஸ்ரயேல் மக்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறார். நாற்பது ஆண்டு பாலைநிலத்தில் நடந்தும் அவர்களுடைய உடை நைந்துபோகவில்லை, காலணியும் தேயவில்லை. ஆண்டுக்கொரு புதிய ஆடையை ஆண்டவர் அவர்களுக்கு அனுப்பவில்லை. இருந்ததையே உழைக்கச் செய்தார். அவர் காட்டிய அருள் அது. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தையும் பாருங்கள். யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் அழைத்தபோது அவர்கள் படகில் வலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கடற்கரை மக்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணி கிழிந்ததற்காக வலையை எறிபவர் நம் ஊரில் யாரும் இல்லை. நிழலில் உட்கார்ந்து, கால்விரலில் நூலை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிழிசலாக முடிச்சிடுகிறோம்.

ஆனால் வலை முடியும் பெரியவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். கண்ணி கிழிந்தால் முடியலாம். நூலே இற்றுப்போனால் அந்த வலையை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது. இதை நாம் மறந்திருந்தோம். அதுதான் இரண்டாம் நிகழ்வு.

பங்கு இல்லத்தில், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த எண் ஒன்று உண்டு. அந்தக் கைப்பேசி ஆறு ஆண்டுப் பழையது. திரையில் நீளமாக ஒரு கீறல். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பங்கு மக்கள் புதியது வாங்கித் தர முன்வந்தபோதெல்லாம் "இதுவே போதும்" என்று சொல்லிவிட்டோம். எளிமைக்கு எடுத்துக்காட்டாக அதை மறையுரையில் காட்டியதும் உண்டு. உண்மையைச் சொன்னால், அந்தக் கீறலில் நமக்கு ஒரு பெருமை இருந்தது. சில மாதங்களாக அதில் சார்ஜ் நிற்கவில்லை. 40 விழுக்காடு காட்டும். அடுத்த நிமிடமே அணைந்துவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம்.

ஓர் இரவு, நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவருக்கு மூச்சுத் திணறல் அதிகமானது. நோயில்பூசுதல் அளிக்க நம்மை அழைத்தார்கள். கைப்பேசி தானாக அணைந்து கிடந்தது. கடைசியில் மகன் மோட்டார் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார். எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஏறிப் போனோம். தெருமுனை திரும்பும்போதே வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

இறந்தோருக்கான செபங்களைச் சொன்னோம். சிமிழ் திறக்கப்படாமல் நம் பையிலேயே இருந்தது. அந்தக் குடும்பத்தினர் நம்மைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நாலு தடவை போட்டோம் சாமி. சுவிட்ச் ஆஃப்னே வந்துச்சு" என்று மட்டும் மகன் சொன்னார்.

இறைவனின் இரக்கம் ஒரு பேட்டரிக்குக் கட்டுப்பட்டதன்று. வாழ்நாளெல்லாம் செபமாலை உருட்டிய அந்தத் தாயை அவர் அணைத்துக்கொண்டிருப்பார். அதில் நமக்கு ஐயம் இல்லை. ஆனாலும் அவர்கள் கேட்டது நமக்குக் கொடுக்க முடிந்த ஒன்று. அதை நாம் கொடுக்கவில்லை. அன்று விடியும்வரை கோவிலில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. புதியதைப் பிறர் பார்க்க வேண்டும் என்று அந்தத் தம்பி விரும்பினார். பழையதைப் பிறர் பார்க்க வேண்டும் என்று நாம் விரும்பினோம். இருவரும் பார்த்தது ஒரே கண்ணாடியைத்தான். அவர் கையில் இருந்ததால் ஒரு தாயின் சங்கிலி போனது. நம் கையில் இருந்ததால் ஒரு தாய் நோயில்பூசுதல் பெறாமல் போனார். எளிமை வேறு, அசட்டை வேறு.

மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். அங்கிருந்த இளைஞர் பின்மூடியைக் கழற்றினார். பேட்டரி வீங்கியிருந்தது. "இதை ஆறு மாசத்துக்கு முன்னாடியே கொண்டு வந்திருக்கணும் சாமி. வீங்கின பேட்டரி தீப்பிடிச்சாலும் பிடிக்கும்" என்று கடிந்துகொண்டார். பேட்டரி தேய்வது இயல்பு என்றும் விளக்கினார். முழுதாகச் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியபின் அதன் கொள்ளளவு குறைந்துவிடும். கருவி கெட்டுவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம். புதிய கைப்பேசியின் விலையில் ஒரு சிறு பகுதிதான் செலவானது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்த அரை மணி நேரத்தைத்தான் நாம் ஆறு மாதமாக ஒதுக்கவில்லை.

அவர் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். அந்தக் கைப்பேசிக்குத் தயாரிப்பாளரிடமிருந்து பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவது நின்றுவிட்டது. அழைப்புகளுக்கு அது போதும். வங்கிப் பணத்தை அதில் வைத்திருப்பது நல்லதன்று. அதனால் பங்குக் கணக்கை அதிலிருந்து எடுத்துவிட்டோம். இப்போது அது அழைப்புகளுக்கு மட்டும். இரவெல்லாம் விழித்திருக்கிறது.

ஆகவே, அன்பர்களே, மாற்றுவதா வைத்திருப்பதா என்ற கேள்வி உங்கள் வீட்டில் வரும்போது, முதலில் உட்காருங்கள். சிலுவை அடையாளம் வரைந்துவிட்டே உட்காருங்கள். சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கருவி செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறதா? செய்யவில்லை என்றால், பேட்டரியையோ திரையையோ மாற்றினால், நிரம்பி வழியும் படங்களை நீக்கினால் சரியாகுமா? பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா? வாங்கத்தான் வேண்டும் என்றால், அது யாருடைய பணம், யாருடைய நகை? பழையது எங்கே போகும்? அதில் இருக்கும் நம் விவரங்களை அழித்துவிட்டுத் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுக்கலாமா, மறுசுழற்சிக்கு ஒப்படைக்கலாமா? குப்பையில் மட்டும் போடாதீர்கள். கடைசியாக ஒன்று: இந்த முடிவில் நாம் யாருடைய முகத்தை நினைக்கிறோம்? நம்மைப் பார்ப்பவர்களின் முகத்தையா, நம்மை அழைப்பவர்களின் முகத்தையா?

இந்தக் கேள்விகளுக்குப் பிறகு சிலருக்குப் 'புதியது வேண்டும்' என்ற விடையே வரும். கடலுக்குப் போகும் தந்தைக்குக் காற்று எச்சரிக்கை வந்து சேராத கைப்பேசியாக இருக்கலாம். இரவுப் பணிக்குப் போகும் மகளின் அழைப்பு பாதியில் அறுந்துவிடும் கைப்பேசியாக இருக்கலாம். அப்படியானால் குற்ற உணர்வு இல்லாமல் வாங்குங்கள். கோவிலுக்கும் கொண்டுவாருங்கள், மந்திரித்துத் தருகிறோம்.

இளையோரே, 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ, கார்லோ அக்குதிஸ் என்ற 15 வயதுச் சிறுவரைப் புனிதராக அறிவித்தார். அன்றைய திருப்பலியின் நற்செய்தியும் இதே கோபுர உவமை வரும் பகுதிதான். கார்லோ கணினியை நேசித்தவர். நற்கருணை அற்புதங்களைப் பற்றி ஓர் இணையதளத்தையே உருவாக்கியவர். ஆனால் இரண்டாவது சோடிக் காலணி வாங்கித் தரப் போனால் வேண்டாம் என்பாராம், அந்தப் பணம் ஏழைகளுக்குப் போகட்டும் என்பாராம். இதைச் சொன்னவர் அவருடைய தாய். புதிய கருவியை வெறுக்காமலும் அதற்கு அடிமையாகாமலும் வாழ முடியும் என்பதற்கு உங்கள் வயதிலேயே ஒரு புனிதர் கிடைத்திருக்கிறார்.

முதலில் சொன்ன தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய பழைய கைப்பேசி இப்போது அவருடைய தங்கையின் படிப்புக்குப் பயன்படுகிறது. சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. விடுமுறை நாள்களில் ஏலக்கூடத்தில் வேலைக்குப் போகிறார், அம்மாவின் கழுத்துக்கு அதைத் திருப்பிக் கொண்டுவர. யாரும் சொல்லித் தராமலேயே அவர் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார். அவருக்காகச் செபிப்போம்.

செபிப்போமாக. பாலைநிலத்தில் உம் மக்களின் உடை நைந்துபோகாமல் காத்த ஆண்டவரே, எங்களிடம் இருப்பதை நன்றியோடு பேணவும், சரிசெய்ய வேண்டியதைக் காலம் தாழ்த்தாமல் சரிசெய்யவும், வாங்க வேண்டியதைத் தெளிந்த மனத்தோடு வாங்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். அடுத்தவர் கையில் இருப்பதைக் கொண்டு அவரை எடைபோடாத கண்களைத் தாரும். இரவில் எங்களை அழைப்பவரின் குரல் எங்களை வந்து சேரட்டும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.