மால்ராவில் ஒன்பது மணித்தியாலம்

(நூற்றாண்டு விழாவையொட்டி லண்டனில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் கேட்டது, நாற்பது வயதுக்குப் பின் பெண்களுக்கு வரும் நோய்கள் பற்றிப் பேசும்படி. போன முறையும் அதைத்தான் பேசினேன். குருதியழுத்தத்தை அளந்து பாருங்கள். மார்பகப் பரிசோதனைக்குக் கடிதம் வந்தால் மேசை லாச்சிக்குள் போடாமல் போய் வாருங்கள். அந்தப் பேச்சு அவ்வளவுதான். மிகுதி நேரத்தில் ஒரு பயணக் கதை சொல்லுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஐந்து பேர் ஒன்றாகக் கப்பலேறினோம். ரொறன்ரோ, ஒஸ்லோ, மெல்பேண், யாழ்ப்பாணம், லண்டன் என்று ஆளுக்கொரு திசை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் இப்போது எங்கள் பாடசாலையிலேயே ஆசிரியை. அவளுக்கு விசா எடுத்த கதையைச் சொன்னால் இரவுச் சாப்பாடு ஆறிவிடும். மத்தியதரைக் கடலில் ஏழு நாட்கள். மற்ற நால்வரும் கடைகளையும் கடற்கரைகளையும் பார்த்துத் துறைமுகங்களைத் தெரிவு செய்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று, மால்ரா.

காரணம் ஓர் ஆடு. மருத்துவ பீடத்தில் புருசெல்லோசிஸ் என்ற நோயைப் படித்தபோது அதன் பழைய பெயர் மால்ராக் காய்ச்சல் என்று அறிந்தேன். அங்கிருந்த பிரித்தானியப் படையினரை மாதக்கணக்கில் படுக்கையில் போட்ட காய்ச்சல் அது. 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எந்த வழியாக உடம்புக்குள் வருகிறது என்று பதினெட்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1905இல் தெமிஸ்ரொக்லிஸ் ஸம்மிற் என்ற மால்ரா வைத்தியர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். பார்வைக்கு நல்ல சுகமாக நின்ற ஆடுகளின் இரத்தத்திலேயே நோயின் தடயம் இருந்தது. அக்காலத்தில் மால்ராவில் ஆடுகளை வீட்டுக்கு வீடு ஓட்டி வந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். மறுவருடம் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது; காய்ச்சலும் மளமளவென்று குறைந்தது. ஊர்ச்சனம் மட்டும் நம்பவில்லை. வாசலுக்கு வந்த ஆட்டைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்? எங்கள் அம்மம்மாவும் நம்பியிருக்கமாட்டா. ஆனால் அவ பாலைக் காய்ச்சாமல் ஒருநாளும் தந்ததில்லை.

இதே ஸம்மிற்தான் அந்நாட்டு நூதனசாலையின் முதற் பொறுப்பாளராகவும் இருந்து, மண்ணுக்குள் கிடந்த கற்காலக் கோயில்களைத் தோண்டியெடுத்தவர் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிய வந்தது. ஒரு வைத்தியருக்கு இப்படி இரண்டு ஆயுள் கிடைத்ததே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை. அன்றிலிருந்து அந்த இடங்களைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கப்பல் காலை ஏழரைக்கு வலெற்றாத் துறைமுகத்தில் கட்டியது. மாலை நாலரைக்குள் எல்லோரும் திரும்பவேண்டும். கப்பற் கம்பனியின் சுற்றுலாவில் போனால் பஸ் பிந்தினாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். நாங்கள் சொந்தமாகவே போனோம். ஏனென்றால் நான் பார்க்க விரும்பிய நிலக்கீழ் மயானத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குப் பத்துப் பேரைத்தான் விடுவார்கள். போக நினைப்பவர்கள் பல மாதங்களுக்கு முன்பே ரிக்கற் எடுங்கள். மூன்று மாதம் முந்தித் தேடிய எனக்கு ஒன்பது மணிக் குழுவில் மூன்று இடந்தான் கிடைத்தது. ஐந்து பேர், மூன்று ரிக்கற். கப்பலின் சாப்பாட்டு மேசையில் சீட்டுக் குலுக்கினோம். ஒஸ்லோக்காரிக்கும் யாழ்ப்பாணத்துக்காரிக்கும் எனக்கும் விழுந்தது. ரிக்கற் எடுத்தவளே குலுக்கலிலும் வென்றாள் என்று ரொறன்ரோக்காரி இன்றுவரை என்னைச் சந்தேகிக்கிறாள்.

ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியம் என்பது அந்த இடத்தின் பெயர். பாவோலா என்ற ஊரில், சாதாரண வீட்டு வரிசைக்கு நடுவில் ஒரு கதவு. பைகளையும் கைத்தொலைபேசிகளையும் வாங்கி வைத்துவிட்டு, ஒரு குறும்படம் காட்டி, காதில் கருவியை மாட்டி இறக்குகிறார்கள். கீழே மூன்று தட்டுகள். ஆக ஆழமானது நிலமட்டத்திலிருந்து பத்து மீற்றருக்கும் கீழே. கிறிஸ்துவுக்கு முன் 4000 அளவில் தொடங்கி 2500 வரை, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக வெட்டி வெட்டிப் பெருப்பித்திருக்கிறார்கள். இரும்பில்லை, செம்பில்லை. தீக்கல்லும் மான்கொம்பும் போன்றவைதான் ஆயுதம்.

நடுத்தட்டில் ஓர் அறை. தூண், அதன்மேல் உத்தரம், அதற்கும் மேலே உள்நோக்கிச் சரிந்து ஏறும் கூரை வளையங்கள் என்று ஒரு கோயிலின் முகப்பு அப்படியே இருக்கிறது. எதுவும் அடுக்கியதல்ல, எல்லாம் ஒரே பாறையிற் செதுக்கியது. நிலத்துக்கு மேலே கட்டிய கோயில்களில் ஒன்றுக்கேனும் இன்று கூரை இல்லை. கூரை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இறந்தவர்களுக்காகச் செய்த இந்தப் பிரதிதான் சாட்சி. இன்னோர் அறையின் முகட்டில் செங்காவியால் வரைந்த சுருள்கள் இப்போதும் தெரிகின்றன. அங்கே ஆழமான ஆண்குரல் எழும்பினால் அறை முழுவதும் அதிருமாம். எங்கள் குழுவில் இருந்த ஒரு தாத்தா இருமினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

அங்கே வைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் என்று சொல்கிறார்கள். ஆளுக்கொரு குழி இல்லை. முந்தியவர்களின் எலும்பை ஒதுக்கிவிட்டுப் பிந்தியவரை வைத்திருக்கிறார்கள். கூடவே மணிகள், சிப்பிகள், செங்காவி. வைத்தியராக எனக்கு அடுத்து வந்த கேள்வி, அந்த எலும்புகள் சொன்னது என்ன? எத்தனை பேர் பிள்ளைப்பேற்றில் போனார்கள், எத்தனை பேர் பாலகர்கள், யாருக்கு முறிந்த கால் பொருந்தியிருந்தது? காதிலிருந்த கருவி அதற்கு மறுமொழியாக வேறொரு கதை சொன்னது.

1902இல் அங்கே வீடு கட்ட வந்தவர்கள் நீர்த்தொட்டி வெட்டும்போது இந்தக் குகையை உடைத்துக்கொண்டு இறங்கினார்கள். வேலை நின்றுவிடும் என்று பயந்து வீடுகள் முடியும்வரை வெளியே சொல்லவில்லை. பிறகு எம்மானுவேல் மக்ரி என்ற இயேசு சபைக் குரு தோண்டும் பொறுப்பை எடுத்தார். எலும்புகளிற் பெரும்பகுதி வெளியே வந்தது அவர் காலத்தில். இடையில் சபை அவரைத் துனீசியாவுக்கு அனுப்பியது. 1907இல் அங்கேயே இறந்துபோனார். அவருடைய குறிப்புகள் அதன்பின் யாருக்கும் கிடைக்கவில்லை. ஏழாயிரம் என்பது பின்னால் வந்த மதிப்பீடு, ஆளாக எண்ணிய கணக்கல்ல. இன்று எஞ்சியிருக்கும் மண்டையோடுகளோ ஒரு சில. அவற்றில் நீளமாக இருப்பதை வைத்து வேற்றுக்கிரகவாசிகள் என்று இணையத்தில் ஒரு கூட்டம் எழுதுகிறது. நீள்தலை மனிதர்களை நான் கிழமைக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன், எல்லோரும் இந்தக் கிரகந்தான்.

குறிப்புகள் கிடைக்கவில்லை என்று கருவி சொன்ன இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரி என் கையைப் பிடித்தாள். இருட்டுக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்து பத்து நிமிட நடையில் தர்ஷீன் கோயில்கள். மற்ற இருவரும் எங்களுக்கு முன்பே அங்கே போயிருந்தார்கள். ஒரு கமக்காரனின் கலப்பை பெரிய கற்களில் முட்டிக்கொண்டே இருக்க, அவர் போய் ஸம்மிற்றிடம் சொன்னார். 1915இல் தொடங்கி நாலு வருடம் தோண்டினார்கள். கண்டதையெல்லாம் ஸம்மிற் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஒரு பலிபீடத்தின் அடைகல்லை இழுத்தபோது உள்ளே தீக்கற் கத்தி ஒன்றும் ஆட்டுக்கொம்பும் இருந்தன என்று நாங்கள் இன்றைக்குப் பேசுவது அதனால்தான். ஒரு கல்லில் வரிசையாக ஆடுகள், ஒரு பன்றி, ஒரு செம்மறிக்கடா. ஆட்டின் இரத்தத்தில் காய்ச்சலைக் கண்டுபிடித்து பத்து வருடத்தில், ஐயாயிரம் ஆண்டு பழைய ஆடுகள் மண்ணுக்குள்ளிருந்து எழும்பி வந்தபோது அந்த மனுசன் என்ன நினைத்திருப்பார்!

அங்கே ஒரு பெருஞ்சிலையும் நிற்கிறது. இடுப்புக்குக் கீழேதான் மிச்சம். மடிப்புப் பாவாடையும் தூண் போன்ற கால்களும். முழுதாக இருந்திருந்தால் இரண்டரை மீற்றருக்குக் குறையாது. “டொக்டர், இவவுக்கும் நடக்கச் சொல்லித்தான் சொல்லுவீரோ?” என்று மெல்பேண்காரி கேட்டாள். நிற்பது பிரதி, அசல் வலெற்றா நூதனசாலையில்.

அங்கிருந்து ரக்சியில் தென்கரைக்கு, ஹஜர் இம் என்ற கோயிலுக்குப் போனோம். கடலைப் பார்த்த மேட்டில், வெயிலும் மழையும் கல்லைத் தின்னாதபடி 2009இல் போட்ட வெள்ளைக் கூடாரத்துக்குள் நிற்கிறது. எகிப்தின் பெரிய பிரமிட்டுக்கு ஆயிரம் ஆண்டு அளவு மூத்தது. ஒரு கல் மட்டும் இருபது தொன் வரும் என்கிறார்கள். சக்கரம் இல்லாத காலம். கல்லுருண்டைகளைக் கீழே வைத்து உருட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. அப்படிப்பட்ட உருண்டைகளைத் தர்ஷீனில் பார்த்திருந்தோம். அரைக் கிலோமீற்றர் கீழே இறங்கினால் இம்னைத்ரா. இரவும் பகலும் சமனாகும் நாட்களில் சூரியன் அதன் வாசலால் நேராக உள்ளே விழும். நாங்கள் போனது ஆடி மாதத்து மத்தியானம். எங்கள் தலையில்தான் நேராக விழுந்தது. முழங்கால் வருத்தக்காரருக்கு ஒரு வார்த்தை: இறங்குவது சுகம், ஏறுவதை யோசித்து இறங்குங்கள்.

பாதை நெடுகிலும் சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலி, செம்மண், கள்ளி. ஆறென்று ஒன்று இல்லாத நாடு, குடிக்க மழைநீரையும் நிலத்தடி நீரையும் நம்பிய சனம். யாழ்ப்பாணத்துக்காரி குனிந்து வேலிக் கல்லைத் தடவிப் பார்த்தாள். “எங்கட கல்லடி இது” என்றாள். அவள் சொன்னது சரி. எங்கள் குடாநாட்டின் சுண்ணக்கல்லும் மால்ராவின் சுண்ணக்கல்லிற் பெரும்பகுதியும் மயோசீன் என்ற ஒரே காலத்தில் கடலடியில் படிந்தவை.

கடைசியாக நூதனசாலை. ஒரு சிறிய இருட்டறையில் தனியாக, தூங்கும் பெண். ஹைப்போஜியத்தில் கிடைத்த சுடுமண் உருவம், பன்னிரண்டு சென்ரிமீற்றர்தான். ஒருக்களித்து, கையைத் தலைக்கு அணை வைத்து, ஒரு கட்டிலில் படுத்திருக்கிறாள். அது நித்திரையா, சாவா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். இரவுக் கடமையில் நிறையப் பேரைப் பார்த்தவள் என்ற முறையில் நான் நித்திரை என்பேன். நோவில்லாத முகம் அது. அவள் எந்த எலும்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தாள் என்று தெரிந்திருந்தால் நான் ஊகிக்க வேண்டியதில்லை.

நாலு மணிக்குக் கப்பலில் ஏறிவிட்டோம். இரவு சாப்பிடும்போது யாழ்ப்பாணத்துக்காரி கேட்டாள், “பதினோராம் வகுப்பு ‘பி’ இல நாங்கள் எத்தனை பேர்?” நாற்பத்தொன்று. அதில் எல்லோரும் ஒத்துப்போனோம், ஏனென்றால் நாற்பத்தொராவது ஆளுக்கு எப்போதும் கதிரை இருக்கவில்லை. “பெயரைச் சொல்லுங்கோ பாப்பம்” என்றாள். பிறகுதான் காரணத்தைச் சொன்னாள். நூற்றாண்டு மலருக்குப் பழைய மாணவிகளின் பட்டியல் தயாரிக்கும் வேலை அவளுடையது. 1995க்கு முந்திய சேர்வு இடாப்புகள் ஒன்றுகூடப் பாடசாலையில் இல்லை. ஐப்பசி மழைக்குள் ஊரோடு தென்மராட்சிக்கு நடந்தபோது யார் இடாப்பை நினைத்தார்கள்? திரும்பி வந்தபோது அலுமாரி நின்றது, உள்ளே ஒன்றுமில்லை. அன்று பொறுப்பாக இருந்த ரீச்சருக்குப் பெயரெல்லாம் மனப்பாடம். அவவிடம் கேட்டு எழுதவேண்டும் என்று இவள் ஒவ்வொரு விடுமுறையும் நினைத்தாளாம். ரீச்சர் மூன்று வருடத்துக்கு முன் காலமானார்.

சாப்பாட்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினோம். இப்போது உயிரோடு இல்லாத இருவரின் பெயர்களை முதலில் எழுதினோம். பிறகு வாங்கு வாங்காக. பரிமாறுபவர் மேசையைத் துடைக்க வந்து இரண்டு தரம் திரும்பிப் போனார். நடுச்சாமத்தில் முப்பத்தாறு பேர் சேர்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்கு முகம் இருந்தது, பெயர் இல்லை. இந்த ஒரு வருடத்தில் இன்னும் இரண்டு பெயர் கிடைத்திருக்கிறது.

அந்த அட்டையை இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். மண்டப வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. 1994, பதினோராம் வகுப்பு ‘பி’. கடைசி வாங்கில் யன்னலோரம் இருந்த பிள்ளை, இடக்கையால் எழுதுவா, தகப்பனார் தபாற்கந்தோரில் வேலை. வலைப்பந்தில் கோல் போடும் நெடுவல் பிள்ளை, தங்கச்சியும் எங்கள் பாடசாலைதான். மூன்றாம் தவணையில் கிளிநொச்சியிலிருந்து வந்து சேர்ந்து, ஒரு வருடம்கூட முழுதாக இருக்காத பிள்ளை. இவர்களைத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் பேனையும் அங்கேயே கட்டியிருக்கிறது. மலரில் இதை வாசிப்பவர்கள் சங்கத்துக்கு எழுதுங்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மற்ற வகுப்புக்காரருக்காக வெற்றுத் தாள்களும் வைத்திருக்கிறேன்.