“புள்ள பந்து அடிச்சா சோறு கிடைக்குமா?”

(ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் நடந்த பிள்ளைகள் விளையாட்டு விழாவில், நமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

அன்பான தாய்மாரே, தந்தைமாரே, தலைவர்மாரே, தம்பி தங்கைகளே!

அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை லயத்தில் வைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மழையும் வரப் பார்க்கிறது. அதனால் நீட்டாமல் பேசுகிறோம்.

இன்று காலை பையன்களின் கிரிக்கெட்டுக்கு அணிகள் வரிசையில் நின்றன. பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்கு இரண்டு அணி வரவேண்டும், ஒன்றுதான் வந்தது. மற்ற டிவிஷனில் ஆள் சேரவில்லை. போய்க் கேட்டோம். “புள்ள பெரிய மனுஷியாயிட்டா, இனி கால்சட்டை போட்டுக்கிட்டு ஓடவா?” என்றார் ஒரு தாய். பக்கத்தில் நின்ற இன்னொருவர், “சரி ஐயா, ஆடினா சோறு கிடைக்குமா?” என்று கேட்டார். அந்த இடத்தில் எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நியாயமான கேள்விதான். அதற்குத்தான் இப்போது பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் கடலூர் என்று ஒரு கடற்கரை ஊர். 2004 டிசம்பர் 26இல் நம்முடைய கிழக்குக் கரையை அடித்த அதே சுனாமி அந்த ஊரையும் அடித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள், கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே விடுதிகளில் தங்கிப் படித்தார்கள். மாரியப்பன் என்ற பயிற்சியாளர் அந்தப் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கினார். அந்த ஊரிலிருந்து இந்தியாவின் தேசிய அணிக்கே பிள்ளைகள் போனார்கள். அவர்களில் ஒருவர் இந்துமதி கதிரேசன்.

இந்துமதி 1994இல் பிறந்தவர். மைதானத்தின் நடுவில் நின்று, பந்தை வாங்கி முன்னால் கொடுக்கிற மத்தியகள ஆட்டக்காரி. நம்ம வீட்டு மூத்த புள்ள மாதிரி: பின்னாலும் பார்க்கணும், முன்னாலும் பார்க்கணும். தெற்காசிய நாடுகளின் மகளிர் கிண்ணத்துக்கான இறுதியாட்டம் 2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்தது. பங்களாதேசை இந்தியா 3–1 என்று வென்றது. அதில் ஒரு கோல் இந்துமதியுடையது. அடுத்த வருடம், 2018இல், தமிழ்நாட்டு மகளிர் அணி பலமான மணிப்பூரை 2–1 என்று வென்று முதல் தடவையாக இந்தியத் தேசியக் கிண்ணத்தை எடுத்தது. அந்த அணியிலும் அவர் இருந்தார். 2019இல் மதுரையின் சேது கழகம் இந்திய மகளிர் லீக் கிண்ணத்தைத் தூக்கியது.

அதே 2019 மார்ச்சில் நேபாளத்து விராட்நகரில் மறுபடியும் தெற்காசியக் கிண்ணம். அங்கே இந்தியாவும் நம் இலங்கையும் மோதின. நாம் 5–0 என்று தோற்றோம். அந்த ஐந்தில் ஒன்று இந்துமதி அடித்தது, இன்னொன்று சந்தியா ரங்கநாதன் அடித்தது. சந்தியாவும் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைதான். வீட்டு வறுமையால் அரசு விடுதியில் வளர்ந்தவர். நம் நாடு தோற்றதில் எங்களுக்கும் வருத்தம்தான். ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம்மைப் போலவே தமிழ் பேசுகிற, நம்மைப் போலவே கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் அந்த மைதானத்தில் நின்று கோல் அடித்தார்கள். எதிர்ப்பக்கம் நின்ற இலங்கைச் சட்டையில் நம்ம மலைநாட்டுப் புள்ள ஒருத்தி ஏன் இருக்கக் கூடாது?

இனி சோற்றுக்கு வருவோம். இந்துமதி வெறும் ஆட்டக்காரி மட்டுமல்ல, தமிழ்நாட்டுப் பொலிசில் உப பரிசோதகர். 2021இல் கொரோனா பரவி ஊரே அடைந்து கிடந்தபோது, பந்தைக் கீழே வைத்துவிட்டுச் சென்னை வீதிகளில் முகக்கவசத்தோடு காவல் நின்றார். மாதச் சம்பளம், சீருடை, ஓய்வூதியம் உள்ள வேலை. பெண் பிள்ளை கால்சட்டை போட்டால் மானம் போய்விடும் என்கிறோமே, அதே காலுக்குத்தான் பிறகு காக்கிச் சீருடையும் மரியாதையும் வந்தது.

எல்லாம் வெற்றியாகவே இருந்தது என்று சொல்ல மாட்டோம். 2022 ஜனவரியில் இந்தியாவிலேயே ஆசியக் கிண்ணம் நடந்தது. இந்துமதியும் அணியில் இருந்தார். முதல் ஆட்டத்தில் ஈரானோடு கோல் இல்லாமல் சமநிலை. அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் கொரோனா புகுந்தது. களமிறக்க ஆள் போதாமல் போட்டியை விட்டே விலகவேண்டி வந்தது. பல வருட உழைப்பு ஒரு கிழமையில் போனது. வெயிலிலும் மழையிலும் மலையேறி, கொழுந்து இல்லாத மாதத்தில் பேர் விழாமல் நிற்கிற உங்களுக்கு இந்த வலி புரியும்.

இது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த தடை இல்லை. ஆபிரிக்காவில் நைஜீரியா நாட்டில் அசிசாத் ஓஷோலா என்றொரு பெண். பந்து ஆடுவதை அவர் வீட்டிலும் முதலில் விரும்பவில்லை. அவர்தான் பின்னால் ஆபிரிக்காவின் சிறந்த வீராங்கனை என்ற விருதை ஆறு தடவை எடுத்தார். 2021இல் பார்சலோனா கழகத்தோடு ஐரோப்பிய மகளிர் கிண்ணத்தையும் வென்றார். தொலைவுக்கே போக வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைப் பார்த்துக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். 2018இல் இலங்கை வலைப்பந்தாட்ட அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, வளையத்துக்குள் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தது அந்த உயரம்தான்.

ஆடுகிற எல்லாப் பிள்ளைகளும் தேசிய அணிக்குப் போய்விடுவார்கள் என்று பொய் சொல்ல மாட்டோம். நூறில் ஒருத்தி போனாலே பெரிது. ஆனால் மற்றவர்களுக்கும் வழி உண்டு. நம் நாட்டில் இராணுவம், கடற்படை, விமானப்படைக்கு மகளிர் உதைபந்தாட்ட அணிகள் இருக்கின்றன. உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைக்குத் தேசிய மட்ட விளையாட்டுத் திறமை இருந்தால், பல்கலைக்கழகத்துக்கு விசேட அனுமதி கேட்கலாம். அதனால் படிப்பை விட்டுவிட்டு ஆடச் சொல்லவில்லை. படிப்போடு ஆடச் சொல்கிறோம். பாடசாலையில் கொடுக்கிற ஒவ்வொரு சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். தகரப் பெட்டியின் அடியில் கிடக்கிற அந்தக் காகிதம் ஒருநாள் பிள்ளைக்குப் பேசும்.

தாய்மார் பயப்படுவதிலும் ஞாயம் இருக்கிறது. பிள்ளை பயிற்சி முடிந்து இருட்டில் தேயிலைக்குள் தனியாக வரவேண்டுமே! அதற்கு ஆடாதே என்று நிறுத்துவது மருந்தாகாது. மூன்று காரியம் செய்வோம். முதலாவது, பயிற்சிக்குப் போகும்போதும் வரும்போதும் மாதர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் முறைபோட்டுக் கூடப் போவது. இரண்டாவது, இந்தக் களத்தில் வாரத்தில் இரண்டு அந்தியைப் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்குவது. தலைவர்மார் பையன்களிடம் பேசி இதைச் செய்து தரவேண்டும். மூன்றாவது, பிள்ளை வயதுக்கு வந்தால் சடங்கு செய்யுங்கள், சீர் வையுங்கள், சந்தோஷமாக விருந்தும் போடுங்கள். அது முடிந்ததும் பிள்ளையை மறுபடி களத்துக்கு அனுப்புங்கள்.

காலையில் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்தோம். எதிரணி வரவில்லை என்று தெரிந்த பிறகும், செருப்பில்லாத காலோடு, சுவரில் பந்தை அடித்து அடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பந்து கொடுக்க எதிரில் ஒரு ஆள் வேண்டும். அடுத்த வருட விழாவுக்கு அந்த டிவிஷன் அணியும் வரவேண்டும். அதை அனுப்பி வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மழை வருவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.