பழைய மோட்டார் சைக்கிளும் சோதனைச் சீட்டும்
(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் என்று இந்த மேடையில் நாம் பேசாத விஷயமில்லை. இன்று நாம் பேச வந்தது அவற்றுக்கெல்லாம் முந்திய விஷயம். விடியுமுன் இருட்டில் பெரட்டுக்குப் போகிறவர் பகலில் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும். போய் வர நம்மில் மிகப் பலருக்கு இருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். நமது நாட்டில் சாலை விபத்தில் மடிவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே, வண்டி ஓடத் தகுந்ததா என்று யார் சொல்வது, அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்பது நமது கடமையாகிறது.

மலேசியாவில் சொந்த உபயோகத்துக்கான மோட்டார் சைக்கிளை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்திலுள்ள சிங்கப்பூரிலோ, மூன்று வயது கடந்த மோட்டார் சைக்கிள் ஒவ்வோர் ஆண்டும் சோதனையில் தேற வேண்டும். இங்கிலாந்தில் 1960-ஆம் ஆண்டு இந்தச் சோதனையைத் தொடங்கியபோது பத்து வயதான வண்டிகளைத்தான் அழைத்தார்கள். பின்னர் அந்த வயதை மூன்றாகக் குறைத்தார்கள். வயதான வண்டியை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்தது.

சோதனை நல்லதே. அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், சோதனைச் சீட்டு என்ன சொல்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய தினம், அந்தக் கொட்டகையில், வெளியே தெரிந்த பாகங்கள் சட்டம் கேட்ட அளவில் இருந்தன. அவ்வளவுதான் அது சொல்வது. இங்கிலாந்தில் சோதிப்பவர் வண்டியைக் கழற்றிப் பார்ப்பதில்லை. இயந்திரத்தின் உள்நிலை, கிளட்ச், கியர்பெட்டி ஆகியவை அந்தச் சோதனையிலேயே சேரவில்லை. நேற்று தேறிய வண்டி நாளைக்கும் தேறும் என்று எந்தச் சீட்டும் உத்தரவாதம் தருவதில்லை.

பழைய வண்டியில் இந்த இடைவெளி பெரிது. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, முன்விளக்கு. பழைய சிறு வண்டிகள் பலவற்றில் விளக்கு 6 வோல்ட். இயந்திரம் வேகமாகச் சுழன்றால் பளிச்சென்று எரியும். மெதுவாக ஓடினால் மங்கிவிடும். சோதிப்பவர் முன்னால் ஆக்சிலேட்டரை முறுக்கினால் விளக்கு தேறிவிடும். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குச் செம்மண் சடக்கில் பள்ளம் பார்த்து மெதுவாகப் போகும்போதுதானே நமக்கு வெளிச்சம் வேண்டும்?

இரண்டாவது, பிரேக். பின்சக்கரத்துப் பிரேக் கட்டைகள் மூடிய தட்டுக்குள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தேய்மானம் தெரியாது. பல வண்டிகளில் ஓர் அம்புக்குறி வைத்திருக்கிறார்கள். பிரேக்கை முழுதும் அழுத்தும்போது அந்த அம்பு எதிரேயுள்ள கோட்டைத் தொட்டால், கட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். இதைப் பார்க்கக் காசு வேண்டாம், கண் போதும்.

மூன்றாவது, செயின். மூடி போட்ட வண்டியில் செயின் கண்ணுக்குத் தெரியாது. மூடியிலுள்ள ரப்பர் அடைப்பானைக் கழற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். பொதுவாக இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆடலாம். தொளதொளவென்று தொங்கினால் ஓடும்போதே கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும்.

நான்காவது, டயர். ரப்பர் எப்படிக் கெடும் என்பதை நமக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அது இறுகும், பிறகு வெடிக்கும். அதிகம் ஓடாத வண்டியின் டயரில் வரிகள் ஆழமாகவே இருக்கும், ரப்பரோ செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. அதைப் படியுங்கள், பக்கவாட்டிலுள்ள வெடிப்பையும் பாருங்கள்.

ஐந்தாவதுதான் மிகவும் முக்கியமானது: பாரம். சோதனையில் வண்டி வெறுமையாக நிற்கிறது. நாமோ இருபுறமும் பால் நிறைந்த தோம்புகளைக் கட்டிக்கொண்டு, மழை நின்ற ஈரத்தில், மேட்டிலிருந்து ஸ்டோருக்கு இறங்குகிறோம். வெறும் வண்டியை நிறுத்திய பிரேக் பாரவண்டியை நிறுத்தும் என்று யார் சொன்னது? தட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் பிரேக்கின் பிடி இன்னும் குறையும். பாரம் கட்டும் இரும்புச் சட்டத்தின் பற்றவைப்பை எந்தக் கொட்டகையும் நமக்காகப் பார்க்கப் போவதில்லை.

எனவே நாம் வேண்டுவது இது. மாதத்தில் ஒரு ஞாயிறு, தோட்டத்திலுள்ள வண்டிகளையெல்லாம் ஓரிடத்தில் நிறுத்தி நாமே பார்ப்போம். முன்சக்கரத்தைத் தூக்கி முன்காலை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் பேரிங்கின் தேய்மானம் கைக்குத் தெரியும். சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் தட்டினால் தளர்ந்த கம்பி ஓசையில் தெரியும். பட்டறைவேலை தெரிந்த இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் முன்வர வேண்டும். நிர்வாகத்தையும் கேட்போம்: தோட்டத்துப் பாலைத் தொழிலாளியின் சொந்த வண்டி சுமக்கிறதென்றால், அதன் பிரேக்குக்கும் டயருக்கும் ஆகும் செலவில் தோட்டத்துக்கும் பங்கு உண்டு. இது பிச்சையன்று, நியாயம்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து வேலை விபத்தாகவே கருதப்படும். சொந்த வேலையாக வழி மாறிப் போனால் அந்த உரிமை கைநழுவக்கூடும். விபத்துச் செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தாளை எழுதும் கை பெரும்பாலும் உங்களுடையது. நேரம், இடம், வழி ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். ஒரு குடும்பத்தின் அரிசி அந்த வரிகளில் இருக்கிறது.

தோழர்களே! சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியில் ஏறுவது நாம்தான். மரத்தின் பட்டையைத் தொட்டே அதன் நலத்தை அறிகிற கைகள் நம்முடையவை. அந்தக் கைகளால் நமது வண்டியையும் தொட்டுப் பார்ப்போம். முதல் சோதனையை வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம்.